குதிரைமேல் ஒரு சாமானியன்

குதிரை என்றவுடன் நம் நெஞ்சில் தோன்றுபவன் யார்? வாளேந்திய வேந்தன், வாகை சூடிய தளபதி. நம் உலா இலக்கியங்களில் பவனி வந்தவர்களும் பாட்டுடைத் தலைவர்களே. ஓவிய உலகும் இதற்கு விலக்கன்று. பிரெஞ்சு ஓவியர் டேவிட் 1801இல் நெப்போலியனைத் தீட்டியபோது, முன்னங்கால் தூக்கிய புரவிமேல் அவர் ஆல்ப்ஸ் மலையைக் கடப்பதாகக் காட்டினார். 1800இல் நெப்போலியன் உண்மையில் கடந்ததோ ஒரு கோவேறு கழுதையின் மீது! பெருமை காட்டுவதற்காக உண்மை மறைக்கப்பட்டது.

அதே நாட்டில் 1791இல் பிறந்த ஓவியர் ஜெரிகோவும் தொடக்கத்தில் அவ்வழியே நடந்தார். 1812இல் அவருக்குப் பெயர் தேடித் தந்தது, பாயும் பரிமேல் அமர்ந்த படையதிகாரியின் ஓவியமே. ஆனால் 1820இல் இலண்டன் சென்றபோது அவர் பார்வை வீதிக்குத் திரும்பியது. நிலக்கரி வண்டி இழுத்த குதிரைகளையும் அவற்றை நடத்திய எளியோரையும் கண்டார். நீர்வண்ணத்திலும் கல்லச்சிலும் அவர்களை வரைந்தார். 1824இல் மறைந்த அவர் விட்டுச்சென்ற செல்வங்களுள் இவையும் அடங்கும்.

வண்டிக்குதிரைமேல் சாமானியன் ஒருவன் அமர்ந்திருக்கும் நீர்வண்ணச் சித்திரத்தை எண்ணிப் பாருங்கள். பருத்த கழுத்து, அகன்ற மார்பு, குளம்பை மூடிய மயிர். சேணம் இல்லை, அகன்ற முதுகின் இருபுறமும் அவன் கால்கள் தொங்குகின்றன. அவன் போருக்குச் செல்லவில்லை, வேலைக்குச் செல்கிறான். நீர்வண்ணமும் அவனுக்கேற்ற ஊடகமே. அதில் பிழையைப் பூசி மறைப்பது அரிது. தாளின் வெண்மையே அங்கு ஒளியாகிறது.

இச்சித்திரம் நமக்குச் சொல்வதென்ன? தந்தையின் தொழிலைக் கேட்டால் தலைகுனியும் மாணவரை வகுப்பறையில் நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். கட்டுரை எழுதச் சொன்னால் மன்னரையும் தலைவரையும் எழுதுகின்றனர். தோல் தொட்டியில் நிற்கும் தந்தையும், பாய் முடையும் அன்னையும், மூட்டை சுமக்கும் அண்ணனும் அவர்தம் எழுத்தில் இடம்பெறுவதில்லை. குறை அவர்களிடம் மட்டுமன்று; அரசரையே பாடமாக்கிப் பழகிய ஆசிரியராகிய நம்மிடமும் உண்டு.

உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலி தரப் பணித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். தொழுகை வரிசையில் செல்வரும் கூலியாளும் தோளோடு தோள் நிற்கின்றனர். பள்ளிவாசலில் நாம் பேணும் அச்சமத்துவம், நம் ஏட்டிலும் இடம்பெற வேண்டாமா?

மாணவச் செல்வங்களே! அடுத்த ஆண்டு மலரில் உங்கள் இல்லத்து உழைப்பாளியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். அதனை முதற்பக்கத்தில் வைக்க நாம் காத்திருக்கிறோம்.