பேரவை இல்லாத தீவுகளும் இணையத்தின் குரலும்

இணையவழி மக்கள் இயக்கம், அதாவது கட்சிகளின் தலைமையின்றிச் சாதாரணக் குடிமக்கள் சமூக ஊடகங்கள், மின்னஞ்சல், வாட்ஸ்அப் குழுக்கள் வழியே ஒன்றுதிரண்டு ஆட்சியாளர்களை நெருக்கும் முறை, அரசியலை எவ்வளவு மாற்றியிருக்கிறது என்பதைக் கூட்டத்தின் அளவைக் கொண்டு கணிக்க முடியாது. அந்தக் குரல் சென்று சேரும் இடத்தில் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அமைப்பு இருக்கிறதா என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

2015 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) இணையச் சேவைகள் குறித்து 118 பக்க ஆலோசனை அறிக்கையை வெளியிட்டு 20 கேள்விகளை முன்வைத்தபோது, தன்னார்வலர்கள் அவற்றுக்கு விடைகளைத் தயாரித்து இணையத்தில் வைக்க, மக்கள் அவற்றைத் திருத்தியோ அப்படியேயோ அனுப்பியதில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் ஆணையத்தில் குவிந்தன. மறுபடியும் ஒரு சுற்று ஆலோசனை நடந்தபின், 2016 பிப்ரவரி 8 அன்று இணையத் தரவுக்குப் பாகுபாடான கட்டணம் வசூலிப்பதற்கு ஆணையம் தடை விதித்தது. 2017 ஜனவரியில் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் பரவிய அழைப்பால் மெரினாவில் திரண்ட இளைஞர்களின் கோரிக்கை, அம்மாதம் 23-ஆம் தேதியே சட்டப்பேரவையில் ஜல்லிக்கட்டுச் சட்டத்திருத்தமாக நிறைவேறியது.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் அப்படியொரு பேரவை இல்லை. தீவுகளின் தலைநகரில் உள்ள லம்பா லைன் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் நகராட்சிக்கும் நாடாளுமன்றத்தின் ஒரே ஓர் இடத்துக்கும் வாக்களிக்கலாம். ஆனால், நிர்வாகம் துணைநிலை ஆளுநரிடமும், அரசமைப்புச் சட்டத்தின் 240-ஆவது உறுப்பின்படி தீவுகளுக்கான ஒழுங்குமுறைகளை இயற்றும் அதிகாரம் குடியரசுத் தலைவரிடமும் இருக்கின்றன.

இணையமும் அங்கு தாமதமாகவே வந்தது. சென்னையிலிருந்து தீவுகளுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பதிக்கப்பட்ட கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை மீது கருத்துச் சொல்வதற்கான கடைசி நாளோ ஆகஸ்ட் 11. பெருநிலத்தில் லட்சக்கணக்கானோர் மின்னஞ்சல் அனுப்பி முடித்த தறுவாயில்தான் தீவுகளுக்கு வேகமான இணையம் வந்தது. அந்த வரைவை எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்க்குமாறு அதே ஆண்டு ஜூன் 30 அன்று தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. நிக்கோபாரி மொழி அந்த அட்டவணையில் இல்லை.

பதில் சொல்லக் கடமைப்பட்ட பேரவை இல்லாததன் விளைவைப் பெரிய நிக்கோபார் துறைமுகத் திட்டத்தில் காணலாம். சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டை எடுத்துக்கொள்ளும் அத்திட்டத்துக்கு 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பரில், தான் முன்பு அளித்திருந்த ஆட்சேபணையில்லாச் சான்றை அங்குள்ள பழங்குடியினர் மன்றம் கடிதம் எழுதித் திரும்பப் பெற்றது. திட்டத்துக்கு எதிரான பரப்புரை இணையத்தில் நாடெங்கும் ஒலிக்கிறது. ஆனாலும், அதில் ஆமைகளுக்கும் காட்டுக்கும் கிடைக்கும் இடம் அந்தக் கடிதத்துக்குக் கிடைப்பதில்லை. தலைகளை எண்ணும் ஊடகத்தில், 2011 கணக்கெடுப்பின்படி 3.8 லட்சம் பேரே வாழும் தீவுகள் பெருநிலத்தின் குரலையே நம்பியிருக்க வேண்டியிருப்பது கவலைக்குரியது.

எனவே தீவுகளைப் பாதிக்கும் ஒவ்வொரு வரைவையும் தமிழ், வங்காளம், தெலுங்கு, நிக்கோபாரி உள்ளிட்ட அங்கு வழங்கும் மொழிகளில் வெளியிடவும், வந்த கருத்துகளில் எவை ஏற்கப்பட்டன, எவை ஏன் தள்ளப்பட்டன என்பதை எழுத்தில் தெரிவிக்கவும் உள்துறை அமைச்சகத்தைக் கட்டாயப்படுத்தும் விதியொன்று வேண்டும். தீவுகளுக்கு ஒரு சட்டப்பேரவை வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறும்வரை, நாடாளுமன்றம் இதையாவது செய்தாக வேண்டும்.