72 மணி நேரம்!

"நம் வீட்டுக் கூரையே ஒழுகுகிறது. அடுத்த ஊர்க் கவலை நமக்கு எதற்கு?"

இப்படிக் கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. பணக்கார நாடுகளிலும் உண்டு. அவர்கள் காங்கோ நாட்டின் கதையைக் கேட்க வேண்டும்.

ஆப்பிரிக்காவின் நடுவில் இருக்கிறது காங்கோ. அதன் கிழக்குப் பகுதியில் சுமார் 30 ஆண்டுகளாக ஓயாத சண்டை. ஆயுதக் கும்பல்கள் கிராமங்களில் புகுகின்றன. பெண்களைப் பலாத்காரம் செய்கின்றன. சிறுமிகளும் தப்புவதில்லை, பாட்டிகளும் தப்புவதில்லை.

அங்கே புக்காவு என்ற நகரில் பான்சி ஆஸ்பத்திரி இருக்கிறது. 1999-ம் ஆண்டு அதைத் தொடங்கியவர் டாக்டர் டெனிஸ் முக்வேகே. பிரசவம் பார்க்கத்தான் அவர் ஆஸ்பத்திரி கட்டினார். ஆனால் முதலில் வந்தவர் கர்ப்பிணி அல்ல. கயவர்களால் சிதைக்கப்பட்ட ஒரு பெண்!

அன்று முதல் 50,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு அங்கே சிகிச்சை நடந்திருக்கிறது. காயத்துக்கு மருந்து. மனதுக்கு ஆறுதல். வழக்காட வக்கீல். பிழைக்க ஒரு தொழில். இத்தனையும் அங்கே கிடைக்கும். இதற்குச் சுவீடன் நாட்டுக் கிறிஸ்தவ சபைகளும், ஐரோப்பிய நாடுகளும் பணம் கொடுத்தன. 2018-ல் டாக்டருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வெளிநாட்டுப் பணம் வீண் என்று இனி யார் சொல்ல முடியும்?

ஆனால், அந்தப் பணம் நேரத்துக்கு வரவேண்டும். பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணுக்கு எய்ட்ஸ் கிருமி தொற்றாமல் தடுக்க மருந்து உண்டு. அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். மூன்று நாள் கழிந்து வரும் மருந்தால் என்ன பயன்?

2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. ஜூலையில் உதவி இலாகாவையே மூடிவிட்டது. கிழக்குக் காங்கோவில் பல இடங்களில் இந்த மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. அதே ஜனவரியில் கோமா நகரமும், பிப்ரவரியில் புக்காவும் கலகக்காரர் கையில் விழுந்தன. கொடுமை பெருகிய நேரத்தில் மருந்து குறைந்தது!

கொடுப்பதும் கொடுக்காததும் அந்தந்த நாட்டின் விருப்பம். ஆனால் கிணற்றில் விழுந்தவருக்குக் கயிறு போட்டுவிட்டு, பாதியில் கையை விடலாமா? நிறுத்துவதானால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். மாற்று ஏற்பாடு ஆகும்வரை மருந்தாவது போகவேண்டும். குற்றவாளிகளைப் பிடித்துத் தண்டிப்பது காங்கோ அரசாங்கத்தின் கடமை. அதுவரை அந்தப் பெண்கள் சாகலாமா?

2012-ல் டாக்டரைக் கொல்ல அவர் வீட்டுக்கே ஆட்கள் வந்தார்கள். தடுத்த காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். டாக்டர் குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். அப்போது அந்த வட்டாரத்து ஏழைப் பெண்கள் என்ன செய்தார்கள், தெரியுமா? பழமும் வெங்காயமும் விற்றார்கள். அவர் திரும்பிவர விமான டிக்கெட்டுக்குப் பணம் சேர்த்தார்கள்! 2013 ஜனவரியில் டாக்டர் திரும்பி வந்தார்.

வெங்காயம் விற்றவர்களுக்கு இருந்த மனம், கோடி கோடியாய் வைத்திருப்பவர்களுக்கு இருக்க வேண்டாமா?