ஆணை எட்டாத தூரம்

பிந்திய மத்திய காலப் பாப்பரசர்களின் வரலாறு பெரும்பாலும் அவர்கள் முத்திரையிட்ட மடல்களைக் கொண்டே எழுதப்படுகிறது. மடல் புறப்பட்ட இடத்தில் நின்று பார்த்தால் உலகமே அதற்குக் கட்டுப்பட்டதுபோல் தெரியும். அது போய்ச் சேரவேண்டிய இடத்திலோ நிலைமை வேறு. கிரீன்லாந்தின் கார்டார் மறைமாவட்டத்திலிருந்து தசமபாகம் தோலாகவும் வால்ரஸ் தந்தமாகவும் வருவதால், அவற்றை விற்றுப் பொன்னோ வெள்ளியோ ஆக்கும்படி 1282இல் நான்காம் மார்ட்டின் எழுதவேண்டியிருந்தது. 1492இல் ஆறாம் அலெக்சாந்தர் அதே கார்டாருக்கு ஓர் ஆயரை உறுதிப்படுத்தியபோது, அங்கே கப்பல் போய் 80 ஆண்டுகள் ஆகியிருந்ததை மடலிலேயே ஒப்புக்கொண்டார். அவரேதான் அடுத்த ஆண்டு அத்திலாந்திக்கில் கோடு கிழித்து, அதற்கு அப்பாலுள்ள நிலங்களை ஸ்பெயின் அரசர்களுக்கு எழுதிக்கொடுத்தார்.

நமது கடற்கரைகளுக்கும் அந்த மடல்கள் வந்தன. அவிஞ்ஞோனில் இருந்த இருபத்திரண்டாம் யோவான் 1329இல் ஜோர்தானுஸ் என்ற தொமினிக்கத் துறவியைக் கொல்லத்தின் ஆயராக்கினார். 1338இல் பன்னிரண்டாம் பெனடிக்ட் சீனத்துக்கு அனுப்பிய ஜொவான்னி மரிஞ்ஞோல்லி, திரும்பும் வழியில் இலங்கையில் ஒதுங்கினார். பேருவளை என்று அறியப்படும் துறைமுகத்தில் அதிகாரம் செலுத்திய கோஜா ஜான், மரியாதையாகவே அவரைத் தடுத்து வைத்து, பாப்பரசருக்கென்று கொண்டுபோன பொன்னையும் பட்டையும் எடுத்துக்கொண்டான். தூதரின் பதவி அந்தக் கரையில் அவரைக் காக்கவில்லை.

தொலைதூரத்துச் சபையை நிலைநிறுத்துவோர் அங்கே வாழ்பவர்களும் அவர்களுக்கு இடம் கொடுக்கும் அரசுமே என்பதற்குக் கண்டி இராச்சியம் வலுவான சான்று. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினர். ஏறத்தாழ 30 ஆண்டுகள் குருவின்றியும் இல்லங்களில் செபம் நிற்கவில்லை. 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகளார் போர்த்துக்கேயப் படையின் துணையோடு வரவில்லை. 1692இல் கண்டியில் ஒற்றர் என்று சிறைவைக்கப்பட்ட அவருக்கு, பின்னர் போதிக்க அனுமதி அளித்தவன் பௌத்த மன்னனான இரண்டாம் விமலதர்மசூரியன். 1697இல் அம்மை பரவியபோது நோயாளரிடையே அவர் செய்த பணி மன்னன் அவர்மீது வைத்த நம்பிக்கையை உறுதியாக்கியது. பாப்பரசரின் அதிகாரம் இல்லையென்றால் வாஸ் அடிகளாருக்கு ஏது பதவி, கொச்சி ஆயர்தானே அவரைப் பதிற்குருவாக்கினார் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. சிதறிக் கிடந்த சபைகளை ஒரே திருச்சபையோடு இணைத்தது அந்த அதிகாரமே. ஆனால் அதே அதிகாரம் கார்டாருக்கும் இருந்தது. கடுங்குளிரும் வணிகச் சரிவும் அங்கிருந்த குடியிருப்பை அழித்தன என்று கருதப்படுவதும் உண்மை. ஊரில் ஆள் இல்லாமற்போனபின் மடலால் ஆவது ஒன்றுமில்லை என்பதையே அதுவும் சொல்கிறது.

அந்தக் கண்டி இராச்சியத்தின் மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் அரண்மனை அமைத்து வாழ்ந்த ஹங்குரன்கெத்த, நமது மலைநாட்டு ஹேவாஹெட்டப் பகுதியிலேயே இருக்கிறது. இந்த மலைகளின் தோட்டத்துக் கோயில்களைக் கட்டியவர்கள், குரு வராத ஞாயிறுகளில் செபம் நடத்தியவர்கள் ஆகியோரின் பெயர்கள் எந்த ஆயர் இல்லத்து மடலிலும் முழுமையாக இராது. அவை முதியோரின் நினைவில்தான் இருக்கின்றன. வாசகர்கள் அவற்றை இப்போதே கேட்டு எழுதி வைக்கவேண்டும். சபையின் வரலாற்றில் முதல் இடம் அவர்களுக்கே உரியது.