யன்னலைத் திறவுங்கள் என்போருக்கு

மாரிகாலம் தொடங்கியதும் சுகாதாரப் போதனைகளும் தொடங்கிவிடுகின்றன. யன்னல்களைத் திறந்து வையுங்கள். ஈரத் துணிகளை அறைக்குள் உலர்த்தாதீர்கள். சுவரிற் பூஞ்சணம் படியவிடாதீர்கள். குழந்தையைப் புகையில் இருத்தாதீர்கள்! நமது கரையோரக் கிராமங்களின் தாய்மாருக்கு ஆண்டுதோறும் இவை ஒப்புவிக்கப்படுகின்றன. இவற்றுள் ஒன்றேனும் பொய்யன்று. ஆயினும், இவை யாவும் ஒரு பொய்யான எடுகோளின் மேல் நிற்கின்றன. வீட்டின் காற்றைக் கெடுப்பவள் வீட்டுக்காரி, அவளது அறியாமையே பிள்ளையின் தொய்வுக்குக் காரணம் என்பதே அந்த எடுகோள். படித்தவர்கள் பலர் இதனை ஆராயாமல் ஏற்றுக்கொண்டிருப்பதனாலேயே இதனை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

கடலோர வாழ்வின் முதல் உண்மை ஈரம். கொழும்பிலோ மட்டக்களப்பிலோ விடியற்காலைக் காற்றின் சாரீரப்பதன் நூற்றுக்கு 80 ஐத் தாண்டுவது சாதாரணம். ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்று வடக்கிலும் கிழக்கிலும் மழையைக் கொட்டும்போது விறகு, சுவர், பாய், தலையணை அனைத்தும் ஈரத்தைக் குடித்துக்கொள்கின்றன. ஈர விறகை மூட்டினால் வெப்பத்தின் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே கழிந்துபோகிறது. தீ சூடேறாது, தகனம் முற்றுப்பெறாது. அந்தக் குறைத் தகனத்தின் பிள்ளையே புகை. அதிலே காபனோரொட்சைட்டு இருக்கிறது. மூக்கிலும் தொண்டையிலும் அகப்படாமல் நுரையீரலின் அடிவரை சென்று தங்கும் நுண்துணிக்கைகளும் இருக்கின்றன. ஈரச் சுவர் பூஞ்சணத்துக்கு விளைநிலமாகிறது; ஈரப் பாயிலே கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் பெருகுகின்றன. தொய்வுக்காரப் பிள்ளைக்கு மாரி பொல்லாததாவது இவ்வாறுதான்.

இத்தகைய நுண்துணிக்கைகள் ஒரு கன மீற்றர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வரையறுத்தது. புகைக்கூடில்லாத குசினியிலே சமையல் நடக்கும் வேளையில் அவை நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரக்கணக்கில் நிற்கும். வீட்டுப் புகையால் 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பதும் அந்நிறுவனத்தின் கணிப்பே.

விறகை விட்டொழித்தாலென்ன என்று கேட்பவர்கள் உளர். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டுக் குடும்பங்களில் நூற்றுக்கு 78 இற்கு மேற்பட்டவை விறகிலேயே சமைத்தன. அதன்பின் எரிவாயுவுக்கு மாறியவர்கள் பலர். ஆனால் 2022 இல் என்ன நடந்தது? வெற்றுச் சிலிண்டரோடு தெருவிலே நாட்கணக்காக நின்ற மக்கள் மீண்டும் பொச்சுமட்டையையும் பனை மட்டையையும் தேடி ஓடினர். அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏற்றப்பட்டது. மீனவனுக்கு அது இரட்டை அடி. அவனுடைய படகின் இயந்திரமும் மண்ணெண்ணெயைத்தானே குடிக்கிறது! விறகை விடுங்கள் என்று போதித்தவர்களின் குரல் அன்று எங்கே போயிற்று?

இனி, திறக்கச் சொல்லப்படும் அந்த யன்னலைப் பார்ப்போம். மழை நாளில் யன்னலைத் திறந்து வைக்க வேண்டுமாயின் கூரை சுவரைத் தாண்டி வெளியே நீண்டு சரிந்திருக்க வேண்டும். இறவாரம் குறுகிய வீட்டில் யன்னலைத் திறந்தால் படுக்கை நனையும்; மூடினால் புகை அடையும். காற்று ஓடுவதற்கு எதிரெதிர்ச் சுவர்களில் வாயில்கள் வேண்டும். சூடேறிய புகை வெளியேறச் சுவரின் உச்சியிலே துளைகள் வேண்டும். அத்திவாரத்திலிருந்து ஈரம் மேலேறாதிருக்கத் தடுப்புப் படை வேண்டும். பூசாத கல்லுச் சுவர் மழையை உறிஞ்சும். உப்பு மணலாற் கட்டியதோ வெயில் நாளிலும் கசியும். இவற்றுள் எதனை ஒரு தாய் தன் கவனத்தினால் உண்டாக்க முடியும்? வீட்டின் வரைபடத்தை அவளா வரைந்தாள்?

2004 டிசெம்பர் 26 ஆம் திகதிக்குப் பின்னர் கரையோர மக்களுக்கு வீடுகள் பிறரால் வரையப்பட்டன. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று தடை வலயம் போட்டு மீனவரை உள்ளே தள்ளினர். குறைந்தது 500 சதுர அடி என்று அளவும் விதித்தனர். சதுர அடியை எண்ணியவர்கள் காற்றை எண்ணவில்லை. போர் முடிந்த பின்னர் வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய். அதனைக் கட்டங்கட்டமாகக் கொடுத்து, மக்களே கட்டிக்கொள்ள விட்டமை நல்லதே. ஆனால் விலைவாசி ஏற ஏற, கடைசியிற் கைவிடப்பட்டவை பூச்சும் புகைக்கூடுமே. கட்டித் தந்த குசினியைச் சாமான் அறையாக்கிவிட்டு, வீட்டின் பின்புறத்தில் நாலு தடியும் கிடுகும் கொண்டு ஒரு கொட்டில் போட்டுச் சமைக்கும் பெண்களை நம்மில் யார் காணவில்லை? அதைப் பழமை மோகம் என்று நகைத்த உத்தியோகத்தர்களும் உண்டு. கிடுகின் இடுக்குகளால் புகை போய்விடுகிறது என்பதனை அப்பெண் அறிந்திருந்தாள், அவர்கள் அறிந்திருக்கவில்லை.

இதற்குப் பின்னரும் பாடம் படிக்கவில்லை என்பதற்குப் பொருத்து வீட்டுத் திட்டமே சாட்சி. 2015 இல் வடக்குக் கிழக்குக்கென 65,000 இரும்பு வீடுகளைக் கொண்டுவரத் திட்டமிட்டனர். ஒரு வீட்டின் விலை இருபது இலட்சத்துக்கும் மேல்! கல்வீடு அதில் ஏறக்குறைய அரைவாசிச் செலவில் முடியும் என்று காட்டப்பட்டது. காற்றோட்டம் போதாது, அத்திவாரம் சரியில்லை, விறகடுப்புக்கு வழியில்லை என்றெல்லாம் கண்டனங்கள் எழுந்தன. மாதிரி வீட்டைப் போய்ப் பார்த்த மக்களும் புத்திசீவிகளும் எதிர்த்து நின்றமையாலேயே அத்திட்டம் படுத்தது. இவ்வெற்றியை நாம் போதுமான அளவு நினைவுகூர்வதில்லை. வீட்டின் காற்று அரசியலாக்கப்படலாம், அதில் வெல்லவும் முடியும் என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கூரையிலோ நாம் தோற்றோம். அஸ்பெஸ்ரஸ் எந்த வகையினதாயினும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது முடிந்த முடிபு. முழுத் தகடு பெரும் தீங்கு செய்யாதிருக்கலாம். அறுக்கும்போதும் துளைக்கும்போதும், புயலில் நொருங்கும்போதும், வெயிலிலும் மழையிலும் உக்கும்போதும் அதன் நார் காற்றிற் கலக்கிறது. நோய் தலைகாட்டப் பல பத்தாண்டுகள் செல்லும். ஆகவே குற்றவாளியைத் தேடுவாருமில்லை. 2018 இலிருந்து அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவோம் என்று அரசு அறிவித்திருந்தது. 2017 டிசெம்பரில், அஸ்பெஸ்ரசை நமக்கு விற்கும் ருசியா, பொதியொன்றில் வண்டு கண்டதாகச் சொல்லி இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. சில நாட்களுக்குள் அஸ்பெஸ்ரஸ் கட்டுப்பாடு கைவிடப்பட்டது. ஆண்டு முடியுமுன் தேயிலைத் தடையும் நீங்கிற்று. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நம்புவோர் நம்பட்டும். மலையகத் தொழிலாளி கொய்த கொழுந்தைப் பணயமாக்கி, கரையோரத் தொழிலாளியின் தலைக்கு மேல் அத்தகடு மீண்டும் ஏற்றப்பட்டது. ஏழைக்கு மலிவான கூரை வேண்டாமா என்று கேட்பது எளிது. ஓட்டுக்கும் மரத்துக்கும் மானியம் கேட்பதற்கு ஏன் அவ்வளவு தயக்கம்?

யன்னலைப் பற்றி இன்னுமொன்று. அதனை மூடுவது மழை மட்டுமன்று. 2011 இல் கிறீஸ் பூதம் என்ற பீதி கிழக்கிலும் பிற இடங்களிலும் பரவியபோது பெண்கள் இரவிரவாக யன்னல்களை அடைத்துக்கொண்டு கிடந்தனர். போரிலே கணவனை இழந்தவள், சுற்றிலும் முகாம்கள் இருக்க, திறந்த யன்னலருகே எப்படி உறங்குவாள்? அடைத்த அறைக்குள் நுளம்பு, நுளம்புக்குத் திரி. ஒரு நுளம்புத்திரி எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துணிக்கை 75 முதல் 137 சிகரெட்டுகளினதற்குச் சமமாகலாம் என்று 2003 இல் வெளியான ஆய்வொன்று கண்டது. நல்லதொரு நுளம்பு வலையும் வீட்டுக்குப் பாதுகாப்பும் கிடைத்திருந்தால் அவளுக்கு அத்திரி எதற்கு?

நமது எழுத்தாளரிடமும் ஒரு வார்த்தை. கிடுகுக் கூரையின் மேல் காலைப் புகை எழுவதை மண்வாசனையென்று எத்தனை கதைகளில் தீட்டிவிட்டோம்! அப்புகையின் கீழே இருமியவளைப் பற்றி எழுதியவர் சிலரே. முற்றமும் தாழ்வாரமும் கொண்ட நாற்சார் வீட்டில் நோயில்லை, அந்தக் கட்டடக்கலைக்குத் திரும்புவோம் என்று கட்டுரை எழுதுவோர் வேறு. அவ்வீடு காற்றோட்டமானதுதான். ஆனால் அது யாருக்கு இருந்தது? பிறன் காணியில், எப்பொழுது எழும்பச் சொல்வானோ என்ற அச்சத்தில் வாழ்ந்த ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு முற்றமேது? காணி நிச்சயமில்லாதவன் கல்லாலே புகைக்கூடு கட்டுவானா?

ஆகவே கோரிக்கை தெளிவானது. அரச பணத்தினாலோ வெளிநாட்டுப் பணத்தினாலோ கட்டப்படும் எந்த வீட்டிலும் இறவாரமும் புகைக்கூடும் எதிர்ச்சுவர் யன்னலும் தனிக் கட்டமாகக் கணக்கிடப்பட்டு, அவற்றுக்கான பணம் தனியே ஒதுக்கப்பட வேண்டும். வரைபடம் முடிவாகுமுன் அதிற் சமைக்கப்போகும் பெண்ணிடம் காட்டப்பட வேண்டும். காணி உறுதி வீட்டுக்கு முன்னர் வர வேண்டும்.

இதழைப் படிக்கும் ஆசிரியர்கள் இதற்காகக் கொழும்பு வரை போகத் தேவையில்லை. உங்களிற் பலரது பாடசாலையில், வகுப்பறைகளுக்குப் பின்னால், பிள்ளைகளின் உணவுத் திட்டத்துக்காகத் தாய்மார் விறகடுப்பிற் சமைக்கின்றனர். இந்த மாரியில் ஒரு நாள் முதலாம் பாடத்துக்கு முன்னர் அங்கே சென்று, அவர்களோடு அரைமணி நேரம் நின்று பாருங்கள். புகை எந்த வழியால் வெளியே போகிறது என்பதனைக் குறித்துக்கொண்டு, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் புகைக்கூட்டுக்கான பிரேரணையை எழுத்திலே கொடுங்கள். அதனை அந்தத் தாய்மாரில் ஒருவரே எழுந்து முன்மொழியட்டும்.