துணி வெட்ட ஒரு மடக்குக் கத்தி



நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாகக் கத்திச் சண்டை. பந்தல் அலங்காரத் தொழில் செய்யும் நம் மாணவன் ஒருவன், "ஏணி மேல நின்னு துணி வெட்ட நல்ல மடக்குக் கத்தி எதுடா?" என்று கேட்டுவிட்டான். உடனே ஆளாளுக்குப் படம் போட்டார்கள். பட்டனை அமுக்கினால் பாயும் கத்தி, சினிமா வில்லன் வைத்திருக்கும் கறுப்புக் கத்தி, பத்து சாமானை மடக்கி வைத்த கத்தி. ஒருவராவது "என்ன துணி?" என்று கேட்டீர்களா? மூன்றாம் வகுப்பிலேயே கேள்வியை முழுசாகப் படிக்காமல் விடை எழுதிய கூட்டம்தானே! குழுவில் நீளமாக எழுதினால் யாரும் படிப்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

டீச்சருக்குக் கத்தியைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்காதீர்கள். அப்பா தையல்காரர். ஆசிரியர் பயிற்சிக்குப் போகும்வரை தினமும் காஜா எடுத்தவள் நான்.

அப்பா காடாத் துணியை முழுசாக வெட்டியே நான் பார்த்ததில்லை. ஓரத்தில் கத்தரியால் ஒரு நறுக்கு, பிறகு இரண்டு கையாலும் ஒரே இழுப்பு. இழை போன வழியே நூல் பிடித்த மாதிரி நேராகக் கிழியும். ஜவுளிக்கடையில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பருத்தித் துணிக்குக் கத்தியின் வேலை அந்த முதல் நறுக்கோடு முடிந்துவிடும். பனியன் துணி அப்படிக் கிழியாது, அது பின்னல். பந்தலுக்கு இப்போது கட்டுகிற பளபள சாட்டினும் கையால் கிழிக்கத் தோதுப்படாது, ஓரம் நூல் நூலாகப் பிரிந்துவிடும். அங்கேதான் கத்தி வேண்டும்.

குழுவில் பாதிப் பேர் பல் வைத்த கத்தியைச் சிபாரிசு செய்திருந்தீர்கள். கயிறு, சணல், தடித்த நாடா என்றால் நானும் அதையே சொல்வேன். வழுக்காமல் பிடித்து அறுக்கும். ஆனால் சாட்டினில் ஒவ்வொரு பல்லும் ஒரு நூலைப் பிடித்து இழுக்கும், ஓரம் எலி கடித்த மாதிரி ஆகிவிடும். பல் மழுங்கினால் தெருவில் சாணை பிடிக்க வருகிறவரும் கையை விரித்துவிடுவார். தம்பி, உனக்கு நேர் முனைக் கத்திதான். இரண்டரை மூன்று அங்குல நீளம் போதும். துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு வெட்ட வேண்டும், தொங்கும் துணியில் எந்தக் கத்தியும் வழுக்கத்தான் செய்யும். உன் பக்கமாக இழுத்து வெட்டாதே. ஏணியில் நிற்கும்போது கத்தி நழுவினால் அடுத்து இருப்பது உன் தொடை.

விலை, கம்பெனி எல்லாம் பிறகு. முதலில் பூட்டு இருக்கிறதா என்று பார். நுனியால் துணியைக் குத்தித் துளை போடும்போது, பூட்டு இல்லாத கத்தி பின்னால் மடங்கி விரலில் விழும். போன தை மாதம் உன்னிடம் வேலை பார்க்கும் பையனுக்கு நான்கு தையல் போட்டது அப்படித்தான் என்று நீயே சொன்னாய். பிரான்ஸ் நாட்டு ஓபினெல் கத்தியில் கழுத்தில் ஒரு வளையத்தைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். மரப்பிடி வைத்த எளிய கத்தி, 1955 முதல் அந்த வளையம் இருக்கிறது. சிவப்புச் சுவிஸ் கத்தியை எல்லோரும் புகழ்ந்தீர்கள். அதில் சின்னது ஒன்றில் உள்ள குட்டிக் கத்தரி நூல் நறுக்க எனக்குப் பிடிக்கும், ஆனால் அதன் கத்திக்குப் பூட்டு கிடையாது.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். ஸ்டேஷனரி கடையில் விற்கும் கட்டரே உனக்குப் போதும், கொஞ்சம் கனமானதாக வாங்கு. மழுங்கிய நுனியை உடைத்தால் அடுத்த கூர் வந்துவிடும். 1956-இல் ஜப்பானில் கண்டுபிடித்தது, சாக்லேட் கட்டியை உடைப்பதைப் பார்த்துத் தோன்றிய யோசனை. உடைத்த துண்டை மட்டும் ஏணியிலிருந்து கீழே போடாதே. பந்தலுக்குள் எல்லோரும் செருப்பில்லாமல்தான் நடப்பார்கள்.

பெண் பிள்ளைகளே, இனி எழுதுவது உங்களுக்கு.

பதினொரு வருடம் முன்பு உங்கள் சார் பைக் ஓட்ட, பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போனேன். முந்தானை பின்சக்கரத்தில் சிக்கியது. கழுத்தைச் சுற்றி இறுகி, கீழே விழவும் முடியாமல் பாதி தொங்கினேன். அவர் வண்டியைச் சட்டென்று நிறுத்தியதால் பிழைத்தேன். ஆனால் புடவையை எடுக்க அவரிடம் ஒன்றுமில்லை, பல்லால் கடித்துப் பார்த்தார். எதிரே பஞ்சர் கடைக்காரர் ரப்பர் அறுக்கும் கத்தியோடு ஓடி வந்து வெட்டினார். அந்தத் தம்பி நன்றாக இருக்கட்டும். அவர் கை நடுங்கியதில் கத்தி நுனி தாடைக்குக் கீழே கீறியது. தழும்பைப் பார்த்து, "என்ன டீச்சர், பூனையா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆமாம் என்றுதான் இதுவரை சொல்லியிருக்கிறேன்.

சக்கரத்தை மூடும் கம்பி வலை அந்த வண்டியில் முதலில் இருந்தது. 'கேவலமா இருக்கு' என்று கழற்றியது எங்கள் வீட்டுப் பிள்ளைதான். பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி சொல்கிறது. அழகுக்காகக் கழற்றி வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே திரும்ப மாட்டுங்கள்.

கழுத்தில் இறுகிய துணியை வெட்ட எந்த மடக்குக் கத்தியும் வேண்டாம் என்பது என் கருத்து. கூர் நுனியைத் தொண்டைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. ஆம்புலன்ஸில் வளைந்த கத்தரி ஒன்று வைத்திருப்பார்கள். கீழ் அலகின் நுனி மொட்டையாக, தட்டையாக இருக்கும், தோலைக் குத்தாமல் துணிக்கு அடியில் போகும். இல்லையென்றால் கார் சீட் பெல்ட் அறுக்கும் கொக்கி. அதன் கூர் உள்பக்கம் ஒளிந்திருக்கும், துணி நுழையும், விரல் நுழையாது. இரண்டில் ஒன்றை வண்டியில் சட்டென்று எட்டும் இடத்தில் வையுங்கள். பூட்டிய சீட்டுக்கு அடியில் வேண்டாம். அன்றைக்கு எங்கள் வண்டிச் சாவி சாக்கடையில் போய் விழுந்திருந்தது. முதலில் இன்ஜினை அணைத்து, முடிந்தால் சக்கரத்தைப் பின்பக்கம் உருட்டித் துணியைத் தளர்த்திவிட்டு வெட்டுங்கள்.

என் மருமகள் வண்டியில் கொக்கி வந்து ஒரு வருடம் ஆகிறது. பழைய துப்பட்டாவை ஜன்னல் கம்பியில் கட்டி அவளை வெட்டிப் பழகச் சொன்னேன். முதல் தடவை திணறினாள், மூன்றாவது தடவை நொடியில் முடிந்தது.

பந்தல்காரத் தம்பி, வாங்கும் முன் படம் அனுப்பு, பூட்டு இருக்கும் பக்கத்தையும் சேர்த்து எடு. அந்தப் பையனின் விரல் இப்போது மடங்குகிறதா? அதையும் எழுது.