அணையில் மதகு இருக்கிறது, ஊரில் வழி இருக்கிறதா?

மழைக்காலம் வந்தால் "வைகை அணை நீர்மட்டம் 66 அடி, முதல் வெள்ள அபாய எச்சரிக்கை" என்ற செய்தியும் வந்துவிடும். அடுத்த சில நிமிடங்களில் "அணையைத் திறந்துவிட்டார்கள், மதுரை மூழ்கப் போகிறது" என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவும். உண்மையில் இந்த எச்சரிக்கை எதைச் சொல்கிறது?

ஆண்டிபட்டி அருகே 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அதன் பிறகு அணைக்கு வரும் உபரி நீர் ஆற்றில் திறந்துவிடப்படும். அதாவது, 66 அடி என்பது தண்ணீர் திறந்துவிட்டதற்கான செய்தி அல்ல. கரையோரம் இருப்பவர்கள் தயாராவதற்கான அவகாசம்.

ஏன் திறக்க வேண்டும்? வைகை அணையின் ஒரு பகுதி கல் கட்டுமானம், மற்றொரு பகுதி மண்கரை. மண்கரையின் மேல் தண்ணீர் வழிந்தால் கரை அரித்து உடைந்துவிடும். அப்படி உடைந்தால் வரும் வெள்ளத்தை யாராலும் தடுக்க முடியாது. ஆகவே கல் கட்டுமானத்தில் உள்ள மதகுகள் வழியாக, அளவு பார்த்து உபரி நீரை வெளியேற்றுகிறார்கள். மலையிலிருந்து ஒரே வீச்சில் வரும் வெள்ளத்தின் ஒரு பகுதியை அணை தாங்கிக்கொண்டு, மீதியைச் சீராக அனுப்புகிறது.

இது புதிய அறிவு அல்ல. நம் கண்மாய்களில் உள்ள கலுங்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாயும். அந்த நீர் அடுத்த கண்மாய்க்கோ ஆற்றுக்கோ போய்ச் சேரும்.

மதுரையின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 2024 அக்டோபர் 25 அன்று பிற்பகல் 15 நிமிடங்களில் மட்டும் 4.5 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செல்லூர் பகுதியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அது வைகை அணையிலிருந்து வந்த வெள்ளமல்ல. நகரில் பெய்த மழையும் செல்லூர் கண்மாயின் உபரி நீரும், வைகைக்குப் போக வழியின்றித் தெருக்களில் நின்றன. அதன் பின்னரே கண்மாயிலிருந்து ஆறு வரை 290 மீட்டர் சிமெண்ட் கால்வாய் அமைக்க 11.9 கோடி ரூபாயை அரசு அறிவித்தது.

கால்வாய் தேவைதான். ஆனால் கண்மாய்களையே இழந்துவிட்ட நகரம் இது. தல்லாகுளம் கண்மாயில் மாநகராட்சி அலுவலகம், உலகனேரி கண்மாயில் உயர் நீதிமன்றக் கிளை. அரசே இப்படிச் செய்தால் மக்களை மட்டும் குறை சொல்ல முடியாது. அதற்காக நமக்குப் பொறுப்பே இல்லை என்றும் ஆகிவிடாது. விலை மலிவு என்று நீர்ப்பிடிப்பில் மனை வாங்குகிறோம். வீட்டுக் குப்பையையும் இறைச்சிக் கழிவையும் வாய்க்காலில் கொட்டுகிறோம். அடைபடுவது அடுத்த தெருவில் வாழும் ஏழையின் வாசல்.

ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் மூன்று காரியங்களைச் செய்யலாம். மனை வாங்குபவர்களுக்கு நிலத்தின் பழைய வருவாய் ஆவணத்தைப் பார்த்துச் சொல்லலாம். மழைக்கு முன் தம் பகுதி வாய்க்காலைத் தூர்வார மாநகராட்சியிடம் எழுத்து மூலம் மனுக் கொடுக்கலாம். அணை எச்சரிக்கை வரும்போது, வதந்திக்கு முன்னதாகச் சரியான செய்தியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கலாம். கரையோரக் குடும்பங்களுக்கு அந்த அவகாசம் உயிரைக் காக்கும்.