உப்புத் தண்ணிக்கு நான் ஏன் தண்டம் கட்டணும்?

போன வாரம் பெங்களூர் வீட்டைக் காலி செய்தேன். சர்ஜாபூர் ரோட்டுப் பக்கம், மூன்று வருஷம் இருந்த வீடு. சாவியைக் கொடுத்துவிட்டு அட்வான்ஸைக் கேட்டால் ஓனர் ஒரு தாளை நீட்டுகிறார். ஷவர் இரண்டு, கிச்சன் சிங்க் பைப், ஹெல்த் ஃபாசெட், கீசர் எலிமென்ட், பாத்ரூம் கண்ணாடித் தடுப்புக்கு பாலிஷ். மொத்தம் 18,400 ரூபாய் கழிவு. (பெயின்டிங்குக்குப் பிடித்த ஒரு மாத வாடகை தனி. அதற்கு இன்னொரு பதிவு போட வேண்டும்.)

"சார், நான் எதையும் உடைக்கலை, உப்பு அடைச்சிருக்கு" என்றேன்.

"நான் கொடுக்கும்போது பளபளன்னு இருந்துதே சார்!"

இருந்தது, மறுக்கவில்லை. அந்தப் பளபளப்பைத் தின்றது யார் என்பதுதான் கேள்வி.

எங்கள் அடுக்ககத்துக்கு வந்தது போர் தண்ணி, கோடையில் டேங்கர் தண்ணி. அதுவும் எங்கோ ஒரு போர் தண்ணிதான். சங்கம் எடுத்த பரிசோதனை அறிக்கையில் கடினத்தன்மை லிட்டருக்கு 540 மில்லிகிராம். ஒரு கணக்குப் போடுவோம். வீட்டுக்கு நாளைக்கு 400 லிட்டர் என்று வைத்தால் 216 கிராம் சுண்ணாம்புக்குச் சமம். மாதத்துக்கு ஆறரை கிலோ! இதில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடும். ஒட்டுகிற கொஞ்சமே போதும்.

பச்சைத் தண்ணியில் கரைந்து கிடக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடானால் உடைகிறது. கரியமில வாயு பறந்துவிட, கரையாத சுண்ணாம்பு எலிமென்ட் மேலேயே படிகிறது. படிந்த ஓடு சூட்டைத் தண்ணிக்கு விடாது. எலிமென்ட் உள்ளுக்குள் காய்ந்து காய்ந்து ஒருநாள் போய்விடும். மெக்கானிக் கழற்றிக் காட்டியபோது முறுக்கை மாவில் போட்டுப் புரட்டிய மாதிரி இருந்தது. ஷவரிலும் கண்ணாடியிலும் சூடே வேண்டாம், தண்ணி காய்ந்தால் உப்பு நிற்கும். 2024 தட்டுப்பாட்டில் தண்ணியை மிச்சப்படுத்த எல்லோரும் ஏரேட்டர் மாட்டினோமே, அந்தச் சல்லடைதான் முதலில் அடைத்துக்கொண்டது.

"ஆசிட் போட்டுக் கழுவியிருக்கலாமே" என்பார்கள். பாத்ரூம் ஆசிட் சுண்ணாம்பைக் கரைக்கும், வாஸ்தவம். கூடவே குரோம் பூச்சையும் அரித்துவிடும். கழுவாவிட்டால் பராமரிக்கவில்லை, கழுவினால் பூச்சைக் கெடுத்துவிட்டேன். இரண்டுக்கும் பில் எனக்குத்தான்.

சரி, சங்கத்திடம் போனேன். அறிக்கையைக் காட்டி "பர்மிஸிபிள் லிமிட்டுக்குள்ளதான் சார் இருக்கு" என்றார்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 (2012) சொல்வது இதுதான்: ஏற்கத்தக்க அளவு 200 மில்லிகிராம், வேறு தண்ணிக்கு வழியே இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். வழியில்லாதவனுக்குக் கொடுத்த சலுகை அது. அதைத் தரச் சான்றிதழ் மாதிரி நீட்டுகிறார்கள். தவிர, அது குடிக்கிற மனிதனுக்கான அளவு, கீசருக்கானது இல்லை.

அடித்தளத்தில் ஆளுயர சாஃப்ட்னர் உருளை ஒன்று நின்றுகொண்டுதான் இருந்தது. உள்ளே இருக்கும் பிசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். அவ்வப்போது உப்புக் கரைசலால் கழுவினால்தான் அவை மறுபடி வேலை செய்யும். உப்பு மூட்டைச் செலவை மிச்சம் பிடித்தால் அது வெறும் தடித்த குழாய். வேலை செய்கிறதா என்று கேட்டதற்கு மேனேஜர் டிடிஎஸ் மீட்டரை முக்கிக் காட்டினார். நல்ல தமாஷ்! சாஃப்ட்னர் ஒழுங்காக ஓடினாலும் டிடிஎஸ் குறையாது, ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வருகிறதே தவிர மொத்தம் அப்படியேதான் இருக்கும். கடினத்தன்மையைத் தனியாகச் சோதிக்க வேண்டும். சொட்டு மருந்து விட்டு சிவப்பு நீலமாகிறதா என்று பார்க்கும் சின்ன கிட் கிடைக்கிறது.

காவிரி ஐந்தாம் கட்டத் தண்ணி 2024 அக்டோபரில் இந்த 110 கிராமப் பகுதிகளுக்குத் திறக்கப்பட்டது. எங்கள் சங்கம் இணைப்புக் கட்டணத்தைப் பற்றிக் கூட்டம் போட்டுக்கொண்டே இருந்தது. வாடகைக்காரனுக்கு அந்தக் கூட்டத்தில் ஓட்டு கிடையாது. தண்ணியைத் தேர்ந்தெடுப்பது அவர்கள், உப்பு வாங்காமல் விடுவது அவர்கள், பைப் போனால் பணம் நான்.

சட்டமாவது கைகொடுக்குமா என்று பார்த்தேன். 2021-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் யார் எதைப் பழுது பார்ப்பது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சுவர், வெள்ளையடிப்பு, தேவைப்பட்டால் குழாய் மாற்றுவது ஓனர் பொறுப்பு. டேப்பும் வாஷரும், வாஷ்பேசின், கீசர் பழுது எல்லாம் வாடகைக்காரன் பொறுப்பு. உப்புத் தண்ணி எதையெல்லாம் தின்னுமோ, குறிபார்த்து அதையெல்லாம் நம் தலையில் எழுதியிருக்கிறார்கள். அது மாதிரிச் சட்டம்தான், மாநிலங்கள் சட்டம் இயற்றினால்தான் செல்லும். இயற்றுகிறபோது இந்த வரியையாவது திருத்தட்டும்.

அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் அதே மாதிரிச் சட்டம் சொல்கிறது. அந்த வரியை மட்டும் எந்த ஓனரும் படித்ததாகத் தெரியவில்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. கார்ப்பெட் ஏரியா எத்தனை சதுர அடி என்று எழுதுகிற ஒப்பந்தத்தில் தண்ணியின் கடினத்தன்மை எத்தனை என்றும் ஒரு வரி எழுதுங்கள். அது 200-ஐத் தாண்டினால் ஷவர், பைப், கீசரில் வரும் சுண்ணாம்புத் தேய்மானம் வீட்டுக்காரர் கணக்கு. பணம் கையை விட்டுப் போகிறது என்றால் அவரே சங்கத்தில் எழுந்து நின்று "உப்பு ஏன் வாங்கலை?" என்று கேட்பார். நான் மூன்று வருஷம் கத்தினதை அவர் மூன்று நிமிஷத்தில் சாதிப்பார்.

உப்பைத் தின்றவன் தண்ணி குடிக்கட்டும், நியாயம். தண்ணியைக் குடித்தவன் எதற்கு உப்புக்குக் காசு கட்டணும்?

பி.கு: புது வீடு பார்க்கப் போகிறவர்கள் பால்கனி வியூவை அப்புறம் பாருங்கள். முதலில் ஷவர் ஓட்டைகளையும் கெட்டிலின் அடியையும் பாருங்கள். குடிபோகும் அன்றே எல்லா பைப்பையும் போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். நான் செய்யவில்லை. 18,400.